கேட்டவர்கள் காலி செய்கிறார்கள்

முட்டுச்சுவரை இடித்து ரோடு போடப்போகிறார்கள் என்று தெரிந்த அன்று சந்தில் எல்லோருக்கும் சந்தோஷம், அப்பாவைத் தவிர.

எங்கள் சந்துக்கு வாய் ஒன்றுதான். மறுமுனையை ஒரு பழைய கிடங்கின் பின்சுவர் அடைத்துக்கொண்டு நிற்கும். அந்தச் சுவரை ஒட்டிய கடைசி வீடு எங்களுடையது. சந்தின் வாயில் இருக்கும் முதல் கடை அப்பாவுடையது. ஃபேன், தண்ணீர் மோட்டார் என்று எது புகைந்துபோனாலும், எரிந்த காயிலை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருவார். கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில்தான் அவருடைய படுக்கை, அடுப்பு எல்லாம். அம்மாவும் நானும் கடைசி வீட்டில். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலிருந்து அவர்கள் இருவருக்கும் பேச்சில்லை. ஆனால் வழி ஒன்றுதானே? காலையில் வேலைக்குப் போகும்போதும், சாயங்காலம் திரும்பும்போதும் அம்மா அந்தக் கடையைத் தாண்டித்தான் ஆகவேண்டும். அவள் வரும் நேரத்துக்கு அப்பா ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரை நிறுத்திவிடுவார். தலையைத் தூக்க மாட்டார். செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகு மறுபடி போடுவார்.

“உங்கம்மா இனிமே அந்தப் பக்கமாத்தான் போவாளோ?” என்று என்னிடம் கேட்டார், கம்பியைச் சுற்றிக்கொண்டே.

“பின்னே? சுவர் போயிட்டா பஸ் ஸ்டாப் வாசல்லயே இருக்கு. இவ்வளவு தூரம் நடந்து உங்க முகத்தைப் பார்த்துட்டுப் போக அவளுக்கென்ன தலையெழுத்தா?”

“முகத்தை எங்க பார்க்கிறா? நேரா பார்த்துக்கிட்டுப் போவா, ராணுவம் மாதிரி.”

“நீங்க மட்டும் என்னவாம்?”

சுற்று எண்ணிக்கை தவறிவிட்டது என்று என்னைத் திட்டிவிட்டு, கம்பியைப் பிரித்து முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பேச்சு நின்ற அன்று நடந்தது இதுதான். அம்மா ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறாள். அன்று சாயங்காலம் நல்ல மழை. லேப் மேனேஜர் தன் காரில் அவளைச் சந்து வாயில் இறக்கிவிட்டுப் போனார். பின்சீட்டில் இன்னும் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்ததை அப்பா பார்க்கவில்லை. மழைக்கு ஒதுங்கி ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அப்பா கடையிலிருந்து குரலை உயர்த்திக் கேட்டார்: “கார் வச்சிருக்கிறவன் கிடைச்சிட்டான். இனிமே இந்தச் சந்துல உனக்கு என்ன வேலை?”

மாடி வீட்டு அத்தை சிரித்தாள். மற்றவர்கள் மழையைப் பார்த்தார்கள். அம்மா அந்தச் சந்து முழுவதும் நனைந்துகொண்டே நடந்து வந்தாள். மறுநாள் காலையில் அப்பாவின் துணிமணிகளை ஒரு பையில் போட்டுக் கடை வாசலில் வைத்தாள். வீடு அவளுடைய அப்பா கொடுத்தது. அதனால் போக வேண்டியவர் யார் என்பதில் குழப்பம் எதுவும் வரவில்லை.

அதற்குப் பிறகு அப்பா என் மூலமாக எத்தனையோ தடவை சொல்லி அனுப்பிவிட்டார். தப்புதான், வாய் தவறிவிட்டது, கோபத்தில் வந்தது. நானும் தபால்காரி மாதிரி கொண்டுவந்து சேர்ப்பேன்.

“உன்கிட்டயா கேட்டாரு அந்தக் கேள்வியை?” என்பாள் அம்மா. “சந்துல வச்சுக் கேட்டாரு. சந்துல வச்சே இல்லைன்னு சொல்லட்டும். அன்னைக்கு எத்தனை காது கேட்டுச்சோ அத்தனை காதும் கேட்கணும். அன்னைக்கே சாதம் போடறேன், வீட்டுக்குள்ள.”

இதை அப்பாவிடம் சொன்னால், “நான் என்ன மைக் செட் கட்டி வண்டியில போகணுமா?” என்று சிரித்துத் தட்டிவிடுவார். வருஷங்கள் போயின. ஆட்கள் எங்கே போய்விடப்போகிறார்கள் என்ற தைரியம்தான். சந்தும் அங்கேயே இருக்கும், காதுகளும் அங்கேயே இருக்கும், என்றைக்காவது ஒரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

இப்போது வலது வரிசை வீடுகள் மொத்தமும் ரோட்டுக்குப் போகின்றன. இடது வரிசையில் ஒரு கட்டடக் கம்பெனி வந்து ஒவ்வொரு வீடாகப் பேசி வாங்கியது. அம்மா வீட்டை விற்கவில்லை, அப்பா கடையை விற்கவில்லை. மற்றவர்கள் பெட்டி கட்ட ஆரம்பித்தார்கள்.

முதலில் போனது தையல் மிஷின்காரர் குடும்பம். அப்பா போய்க் கட்டிலைத் தூக்கிவிட்டார். அடுத்து பாத்திரக்கடைக்காரர். அவர் வீட்டு பீரோ சந்துக்குள் திரும்பவே இல்லை. எப்படி உள்ளே வந்தது என்பது யாருக்கும் நினைவில்லை. கடைசியில் கதவைக் கழற்றி எடுத்தார்கள். நிலைக்கண்ணாடி உடைந்ததுதான் மிச்சம்.

பக்கத்துக் கடை சலூன் மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். எனக்கு உறவு எதுவும் கிடையாது, ஆனால் அப்பாவை மச்சான் என்றுதான் கூப்பிடுவார்.

“மச்சான், சாட்சியெல்லாம் லாரி ஏறிக்கிட்டு இருக்கு. பார்த்துக்கிட்டே இருக்கியே.”

“எல்லாம் பார்த்துக்கலாம்.”

“எதைப் பார்க்கப்போறே? அன்னைக்கு என் கடையில பாதி ஷேவிங்கோட உட்கார்ந்திருந்தவரே காலமாயிட்டாரு. அவருக்கு எங்க போய்ச் சொல்லுவே?”

அப்பா வெடுக்கென்று திரும்பினார். “இவ்வளவு பேசறியே, அன்னைக்கு நீ ஏன்டா என் வாயைப் பொத்தலே?”

“கையில கத்தி இருந்துச்சு மச்சான். பொத்தியிருந்தா அதோட உன் கதையே முடிஞ்சிருக்கும்.”

நான் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். ஆனால் அன்று இரவு சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு, அந்த மழையில் யார் யார் எங்கே நின்றார்கள் என்று என்னிடம் விசாரித்தார். எனக்கு என்ன தெரியும்? நான் அப்போது வீட்டுக்குள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அவரே யோசித்து யோசித்துச் சொன்னார். பாதிப் பேருக்கு மேல் போய்விட்டிருந்தார்கள்.

மாடி வீட்டு அத்தை தன் மகன் வீட்டுக்குப் போகிற அன்று அம்மா லீவு போட்டாள். காரணம் சொல்லவில்லை. காலையிலேயே குளித்துவிட்டு, வெளியே போவது போல ஒரு நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் அரிசி புடைத்தாள். நல்ல புடவையில் யாராவது அரிசி புடைப்பார்களா? அத்தை எங்களிடம் வந்து சொல்லிக்கொண்டு, மெல்ல நடந்து சந்தின் வாய்க்குப் போனாள். அம்மாவின் கண் அந்த முதுகோடு போனது. அப்பாவின் கடை திறந்திருந்தது. அவர் வெளியே வந்தார். அத்தையின் பெட்டியை வாங்கி ஆட்டோவில் வைத்தார். உள்ளே போய்விட்டார்.

“அவதான் சிரிச்சா” என்றாள் அம்மா. முறத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டாள்.

அன்று நான் அப்பாவிடம் போய்ச் சண்டை போட்டேன். “அம்மா காத்துக்கிட்டிருந்தாப்பா. கூப்பிட்டுச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா?”

“அந்தம்மா பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பறந்துச்சு. பாதி வழியில நிறுத்தி, உங்களுக்கு நினைவிருக்கான்னு ஆரம்பிக்கச் சொல்றியா?”

“ஆமா.”

“நாளைக்கு சலூன்காரன் போறான். அவன் இருக்கும்போது சொல்லிடறேன். சத்தியமா.”

மறுநாள் அம்மா வேலையிலிருந்து திரும்புகிற நேரத்தில் சலூன் மாமாவின் சுழல் நாற்காலியைச் சந்து வாயில் வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த நாலைந்து குடும்பங்களும் அவரை வழியனுப்ப வந்து நின்றிருந்தார்கள். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு நின்றார். மாமா கண்ணைக் காட்டினார். அம்மா கூட்டத்துக்கு நடுவே வந்துவிட்டாள்.

“இங்க பாரு” என்றார் அப்பா.

அம்மா நின்றாள். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் அவரை நேராகப் பார்த்தாள். அப்பாவுக்குக் காதோரம் வேர்த்துவிட்டது.

“கீழ கண்ணாடித் துண்டு கிடக்கு” என்றார். “பார்த்துப் போ.”

அம்மா கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். இன்னும் ஏதாவது வரும் என்று நினைத்திருப்பாள். பிறகு குனிந்து பார்த்து, கண்ணாடி இல்லாத இடமாகக் கால் வைத்து நடந்தாள்.

“அட, தூ” என்றார் சலூன் மாமா. கயிற்றை இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டார். லாரி கிளம்பும்போது அப்பாவிடம் கையைக்கூட ஆட்டவில்லை.

மிச்சமிருந்தவர்களும் போய்விட்டார்கள். சுவரை இடித்த அன்று எங்கள் வீட்டுக்குள் வந்த வெளிச்சத்தில் அலமாரியின் அடியில் இருந்த தூசியெல்லாம் தெரிந்தது. வலது வரிசை வீடுகள் பாதிப் பாதியாக நின்றன. ஒரு வீட்டின் சமையலறை மேடை, அதன் மேல் நீலப் பெயிண்ட், எண்ணெய்ப் பிசுக்கோடு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடது வரிசையில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். மறுநாள் காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பி, வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் நின்றிருந்தேன்.

அப்பா வந்தார். அந்தப் பையோடு கடைக்குப் போன பிறகு சந்தின் உள்ளே அவ்வளவு தூரம் அவர் வந்து நான் பார்த்ததில்லை. வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. எங்கள் வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி, நடுச்சந்தில் நின்றுகொண்டார்.

“நான் சொன்னது பொய்!” என்று கத்தினார். “அன்னைக்கு மழையில நான் கேட்டது தப்பு. என் பொண்டாட்டி மேல ஒரு குறையும் கிடையாது. எல்லாரும் கேட்டுக்கங்க!”

புல்டோசர் ஓட்டுகிறவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “என்னவாம் பெரியவருக்கு?” என்றான் ஒருவன். மற்றவன் சிரித்தான்.

அப்பா விடவில்லை. ஆளில்லாத ஒவ்வொரு வாசலாகத் திரும்பி இன்னொரு தடவை சொன்னார். குரல் கமறிவிட்டது.

அம்மா சாவியைப் பையில் போட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் அவள் கதவைத் திறந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

“யாருக்குச் சொல்றீங்க?” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

“உனக்குத்தான்.”

“நான் தப்பு பண்ணலைன்னு எனக்கு முன்னாடியே தெரியுமே. தெரியாதவங்கதான் போயிட்டாங்க. எங்கெங்கயோ போய் உட்கார்ந்துக்கிட்டு, என்னைப் பத்திப் பேச்சு வந்தா இன்னமும் அந்தக் காரைத்தான் நினைச்சுக்குவாங்க.”

“அவங்க வீடெல்லாம் தேடிப் போய்ச் சொல்றேன்.”

“வேண்டாம். கடையைப் பாருங்க.” புடவைத் தலைப்பை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “வெறும் வயித்துல கத்தாதீங்க, தலை சுத்தும்.”

சுவர் இருந்த இடத்தில் கிடந்த செங்கல் குவியலைத் தாண்டி, புதுப் பக்கமாக இறங்கி பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். நான் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றேன்.

“பெரியவரே, ஓரமா வாங்க, வண்டி வரணும்” என்று மேலிருந்து குரல் வந்தது. அப்பா ஒதுங்கினார். நான் போய் அவர் கையைப் பிடித்தேன். கம்பி சுற்றிச் சுற்றிக் காய்ப்புக் காய்த்த விரல்கள், சில்லென்று இருந்தன.

“சத்தமாத்தானே சொன்னேன்?” என்றார்.

“சத்தமாத்தான்ப்பா சொன்னீங்க.”