சீனி ஊட்டியவள்

கஞ்சி நிறைந்த தூக்குவாளி பறந்து வந்து சாந்தகுமாரியின் நெற்றியில் மோதியது. மூடி தனியாக உருண்டு ஓட, கஞ்சி அவள் கழுத்து வழியாக ரவிக்கைக்குள் இறங்கியது. நெற்றி கிழிந்து ரத்தம் வந்ததைக்கூட அவள் முதலில் கவனிக்கவில்லை. புருசன் கையில் அரிவாள் இருக்கிறதா என்றுதான் பார்த்தாள். இருந்தது.

"என்னடி கலந்த? சீனியா, வெல்லமா? சொல்லித் தொலைடி!"

"சத்தியமா உப்பைத் தவிர ஒன்னும் போடலைங்க. யேசப்பா மேல ஆணை."

"அவரை ஏன்டி இழுக்குற!" என்று பெத்துராஜ் வாளியை எட்டி உதைத்தான். அது காப்பிப் பழம் உடைக்கிற மிசினில் போய் மோதி நசுங்கியது.

குரங்கணிக்கு மேலே இந்தக் காப்பித் தோட்டத்தில் இவர்கள் குடும்பம் நடத்துவது இன்று நேற்று அல்ல. கோழி அறுக்க வேண்டுமென்றால் பக்கத்துத் தோட்டத்துக்காரனைக் கூப்பிட்டுவிட்டு, தான் வீட்டுக்குள் போய் நின்றுகொள்கிற ஆள் பெத்துராஜ். அப்பேர்ப்பட்ட மனுசனுக்கு இந்த சீசனில் என்ன கேடு வந்தது என்று மலையில் எல்லோரும் கேட்டார்கள். கேட்டு என்ன செய்ய? அடி வாங்குகிறவள் ஒருத்திதானே!

இன்சுலின் ஊசி அவனுக்குப் பழகிப்போன சங்கதி. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் ஸ்வீட்டி, அப்பா சுகர் பார்ப்பதற்காக போடிக்கு அலைய வேண்டாம் என்று, விரலில் குத்திப் பார்க்கிற மிசின் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கிய நேரம் அது. அன்றைக்குப் பிடித்தது சனியன். காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் சுகர் ஒழுங்காக இருக்கும். மத்தியானம் பார்த்தால் நானூறைத் தாண்டி நிற்கும். போடி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அங்கேயும் ஒழுங்காகத்தான் இருந்தது. டாக்டர் சிரித்தார். "வீட்டுல எதையோ திங்கிறீங்க, வாயைக் கட்டுங்க. ரொம்ப ஏறுனா இவ்வளவு மருந்து கூடப் போட்டுக்கிடுங்க," என்று ஒரு அளவைச் சொல்லி அனுப்பிவிட்டார்.

பெத்துராஜ் எதையும் தின்னவில்லை. அது அவனுக்குத் தெரியும். அதனால்தான் அவன் புத்தி வேறு பக்கம் போனது. போடி ஓட்டலில் மூக்கு முட்டத் தின்றாலும் ஏறாத சுகர், பொண்டாட்டி கைக் கஞ்சியைக் குடித்த பிறகு ஏறுகிறது என்றால் என்ன அர்த்தம்? இவள் சீனியைக் கலந்து கொடுத்துத் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறாள். தோட்டம் இவள் தம்பிக்குப் போக வேண்டும், அதற்குத்தான் இந்த வேலை. இப்படி முடிவு கட்டிவிட்டான். வீட்டிலிருந்த சீனியையெல்லாம் ஓடையில் கொட்டினான். மருந்துப் பாட்டிலைத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டான். அளவை அவன் எடுப்பான், கை நடுங்குவதால் குத்துவது மட்டும் அவள்.

சாந்தகுமாரி பிறந்த சிலமலையிலிருந்து அவள் தம்பி ஜோயல் நியாயம் கேட்க வந்தபோது, பெத்துராஜின் அரிவாள் அவன் முழங்கையில் விழுந்தது. துணி சுற்றிய கையோடு ஜோயல் அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் மலையிறங்கினான்.

"வெள்ளிக்கெழம லோடு எறக்கிட்டு ஜீப்பைக் கொண்டு வர்றேன்க்கா. பேசாம ஏறு. இல்லேன்னா நான் ஸ்டேசனுக்குத்தான் போவேன்."

இன்றைக்கு அந்த வெள்ளிக்கிழமை. சாந்தகுமாரிக்குப் போக மனசில்லை. சுகர் ஏறினால் கோபம் தலைக்கு ஏறும் என்று ஊரே சொல்கிறதே! சுகரை இறக்கிவிட்டால் பழைய பெத்துராஜ் வந்துவிடுவான். அந்த ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அத்தனை அடியையும் தாங்கினாள். அவன் வெறிபிடித்துக் கத்தும்போதெல்லாம், கெஞ்சிக் கூத்தாடி விரலில் குத்திப் பார்க்க வைத்து, கூடுதல் ஊசியைத் தன் கையாலேயே போட்டாள்.

இப்போதும் அதையேதான் செய்தாள். "ஒரு தடவ பாத்துருவோம்ங்க," என்று காலைப் பிடித்தாள். விடியற்காலையிலிருந்து இரண்டு பேரும் பழம் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டு குத்தினான். நானூற்று முப்பத்தெட்டு.

"பாரு! குடிச்சது ரெண்டு வாயி. அதுக்கே பாரு!"

ஊசியை வயிற்றில் போட்டுவிட்டு அவள் பழம் உடைக்கிற மிசினுக்குத் திரும்பினாள். மிச்சக் கஞ்சி மண்ணில் கிடந்தது, வேறு எதையும் அவன் தொடவில்லை. அரை மணி நேரம் முனகிக்கொண்டு மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தான். பிறகு பின்னாலிருந்து வந்து அவள் கொண்டையைப் பிடித்தான்.

பிடித்தவன் விடவில்லை. முடியோடு தரையில் இழுத்துக்கொண்டு போனான். மலைக்காற்று சில்லென்று அடிக்கிறது, அவனுக்கோ சட்டை பிழிகிற அளவு வேர்வை. பேச்சு குழறியது.

"மிசினுக்கும் என்னமோ பண்ணிட்ட நீ. ஒனக்கு என்ன காட்டுதுன்னு பாக்குறேன். கைய நீட்டுடி!"

அவள் கையை மடக்கினாள். அவன் விரல்களைப் பிடித்து நெரித்ததில் சுண்டுவிரல் மளுக்கென்றது. ஆத்தா என்று அலறினாள். அந்த அலறலுக்குள்ளேயே ஆட்காட்டி விரலில் ஊசி இறங்கியது. நானூற்று இருபத்தொன்று.

"கெடுத்துட்டா! மிசினையும் கெடுத்துட்டா!"

மிசினை அவள் மூஞ்சியில் எறிந்துவிட்டு, அரிவாளை எடுத்துப் பழ மூட்டைகளை வெட்ட ஆரம்பித்தான். சாக்கு கிழிந்து பழங்கள் களமெல்லாம் ஓடின.

சாந்தகுமாரி மிசினையும் அதன் பையையும் பொறுக்கிக்கொண்டு, தவழ்ந்து போய்ப் பழம் கழுவுகிற தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தாள். எனக்கும் சுகரா? போன மாசம் சர்ச்சில் நடந்த முகாமில் பார்த்தார்களே, ஒன்றுமில்லை என்றார்களே! முகத்து ரத்தத்தையும் கைப் பிசுக்கையும் தொட்டித் தண்ணீரில் கழுவினாள். மனசு கேட்காமல் மிசினில் புது அட்டையைச் செருகி, அதே விரலில் இன்னொரு தடவை குத்தினாள். தொண்ணூற்று நாலு.

அதே மிசின், அதே விரல். நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான், கையைக் கழுவினாள். காப்பிப் பழத்துப் பிசின் தேன் மாதிரி இனிக்கும், சின்னப் பிள்ளைகள் உடைக்கிற இடத்தில் வந்து சப்பிக்கொண்டு திரியும். மிசின் இத்தனை நாள் காட்டியது அந்த இனிப்பை. அவன் ரத்தத்தை அல்ல.

அப்படியானால் அவள் போட்ட ஊசியெல்லாம்?

முதல் ஊசி போட்ட காலத்தில் நர்ஸம்மா சொன்னது இப்போதுதான் உறைத்தது. சுகர் ரொம்பக் குறைந்தால் வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், ஆளே மாறிப் பேசுவார்கள், உடனே சீனி கொடுக்காவிட்டால் உயிர் போய்விடும். அடிப்பாவி, அடிப்பாவி என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

விறகடுக்குக்கு ஓடினாள். சீனி போட்ட கட்டங்காப்பி இல்லாமல் அவளால் இருக்க முடியாது. அதற்காகக் கவரில் கொஞ்சம் சீனியை விறகுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டு திரும்பினால், பின்னாலேயே நிற்கிறான்.

"சீனி," என்றான் பெத்துராஜ். அவன் கண் நிலைகுத்தி நின்றது. "வச்சிருக்க. அப்ப நெசந்தான்."

அரிவாள் இறங்கியது. அவள் விலகியதில் தோள் சதையைச் சீவிக்கொண்டு போய் விறகில் ஏறி மாட்டிக்கொண்டது. அவன் அதை அசைத்துப் பிடுங்குவதற்குள், அவள் ஒரு விறகுக்கட்டையை உருவி அவன் முழங்காலில் ஓங்கிப் போட்டாள். ஆள் சரிந்தான். இருபது வருசத்தில் அவள் அவனை அடித்தது அதுதான் முதல் தடவை. அடுத்த அடி மணிக்கட்டில். நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, கவரைப் பல்லால் கிழித்து, சீனியை அள்ளி அவன் வாய்க்குள் திணித்தாள்.

"தின்னுங்க! தின்னு! செத்துப் போவய்யா, தின்னு!"

அவன் துப்பினான். அவள் விரலைக் கடித்தான். எலும்பு வரைக்கும் பல் பதிந்தது. அவள் விரலை எடுக்கவில்லை. ரத்தமும் சீனியும் சேர்ந்து அவன் தொண்டைக்குள் இறங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஜோயலின் ஜீப்பு களத்தில் வந்து நின்றது. அக்கா தோளில் ரத்தம் வழிய மச்சானோடு கட்டிப் புரள்வதைப் பார்த்தவன், இரும்பு ராடோடு ஓடிவந்து பெத்துராஜின் மண்டைக்கு ஓங்கினான்.

"அடிக்காதடா! காலைப் பிடி! வெரசா பிடிடா, இவருக்கு சுகர் எறங்கிருச்சு!"

ஒன்றும் புரியாமல் ஜோயல் காலை அமுக்கிக்கொண்டான். கவர் காலியாகிற நேரத்தில் பெத்துராஜின் கை தளர்ந்தது. வாயைச் சப்பினான், தானாகவே விழுங்கினான். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து பார்த்து, "ஏ சாந்தா, தோள்ல என்ன ரத்தம்?" என்று கேட்டான். அவன் பழைய குரல்தான். சாந்தகுமாரி அவன் மார்பிலேயே கவிழ்ந்து ஓவென்று அழுதாள்.

அவனையும் ஏற்றிக்கொண்டுதான் ஜீப்பு போடிக்கு இறங்கியது. வழியெல்லாம் அவள் நடந்ததைச் சொன்னாள். பழப் பிசினைச் சொன்னாள், பொய்க் கணக்கைச் சொன்னாள், தன் கையாலேயே அவனை வெறிபிடிக்க வைத்ததையும் மறைக்காமல் சொன்னாள். பெத்துராஜ் தன் இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் மெல்ல ஒரு நிம்மதி வந்தது.

"அப்ப எல்லாம் சுகர் பண்ணுன சோலிதான். நான் இல்லையேடி, நீயே பாத்தேல்ல. மாப்ளே, நீயும் கேட்டுக்க. நான் இல்ல."

இந்த வார்த்தைக்குத்தான் அவள் இத்தனை நாள் தவம் கிடந்தாள். ஆமாங்க என்று சொல்ல வாய் எடுத்தாள், ஒரு நாள் குறுக்கே வந்து நின்றது.

அந்த நாளை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை, தம்பியிடம்கூட. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் குளித்துவிட்டு வந்து சுகர் பார்த்தான். ஸ்தோத்திரம் என்று சிரித்துக்கொண்டே மிசினை மூடி வைத்தான். கதவைத் தாழ்ப்பாள் போட்டான். செல்போனில் பாட்டைச் சத்தமாக வைத்தான். "மூஞ்சியில வேணாம், சர்ச்சுல பாப்பாக," என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, பெல்ட்டைக் கழற்றி அவள் முதுகில் விளாசினான். அப்போது அவன் கை நடுங்கவில்லை, ஒரு சொட்டு வேர்வை இல்லை. அதுவும் சுகர்தான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பின்னாலேயே சர்ச்சுக்கு நடந்தாள்.

"ஞாயித்துக்கெழம காலையில எவ்வளவு இருந்துச்சுங்க?" என்று கேட்டாள்.

பெத்துராஜ் வெளியே மலையைப் பார்த்தான்.

"நூத்திப் பன்னெண்டு," என்றாள் அவள். "கை கழுவித்தான் பாத்தீக."

ஜோயல் வண்டியை நிறுத்திவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தான். கடிபட்ட விரலை முந்தானையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் சொன்னாள்:

"இவரை ஆஸ்பத்திரியில சேத்துருவோம்டா. என் தோள்லயும் தையல் போடணும். பெறகு நம்ம சிலமலைக்குப் போயிருவோம்."