ஒன்றரை மடங்கு விமானம்

இத்தாலியின் பகேரியாவில் பழைய வில்லா ஒன்றின் மேல்மாடியில் தனியாகக் குடியிருந்த இஞ்சினியருக்கு எழுபத்திரண்டு வயது. கழிவுநீர்க் குழாய்களுக்குப் படம் வரைந்தே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது ரிமோட்டில் பறக்கும் போர் விமானம் செய்கிறார். ஞானம்பிகை ஆறு வருஷமாக ஒரேத்தோவிலிருந்து ரயிலேறி வந்து அந்த வீட்டைத் துடைக்கிறாள். அலுமாரி நிறைய நிற்கும் விமானங்களின் தூசியும் அவள் தலையில்தான். மனிதருக்குப் பேரப்பிள்ளை இல்லாத குறையா, மூளை இல்லாத குறையா என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

இந்த முறை தொடங்கியிருந்த விமானத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். இத்தாலியில் செய்து, யாழ்ப்பாணத்தில் குண்டு போட்ட சாமான். ஊரில் அதைச் சியாமாச்செட்டி என்பார்கள். "என் அழகி" என்று இந்த மனிதர் அதன் வரைபடத்தைத் தடவிக் கொஞ்சியபோது ஞானம்பிகை தூசித் துணியோடு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அவரைப் பகைக்கிற நேரமில்லை இது. பெர்மெஸோ என்கிற தங்கும் அனுமதி முடியப்போகிறது. அடுத்த மாதம் அதைப் புதுப்பிக்கக் கொஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்துக்குப் போகும்போது, இவள் இன்னும் என்னிடம்தான் வேலை செய்கிறாள் என்று அவர் கையெழுத்து வைத்த கடிதம் வேண்டும். அது இல்லாவிட்டால் இந்த நாட்டில் இருக்க வழியில்லை.

விமானம் விடுகிறவர்களின் கழகத்தில் வேறொரு கிழவர் இவருடையதைவிடப் பெரிய விமானம் கொண்டுவந்துவிட்டாராம். அந்த எரிச்சலில் வரைபடத்தைப் பிரதி எடுக்கும் கடைக்குக் கொண்டுபோய் ஒன்றரை மடங்காகப் பெருப்பித்துக்கொண்டு வந்தார். மடித்துக் கொடுத்ததில் தாள் முழுக்கச் சுருக்கம். "இஸ்திரி போடு" என்று அவளிடம் நீட்டினார். அவளும் மேலே துணி விரித்து, மெல்லிய சூட்டில் தேய்த்துக் கொடுத்தாள். அவர் அதைத் துண்டு துண்டாகப் பலகையில் ஒட்டி மூன்று வாரம் அறுத்தார். வீடெல்லாம் மரத்தூள். அதைக் கூட்டியள்ளியதும் அவள்தான்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் வந்தபோது இஞ்சினியர் சாப்பாட்டு மேசையின் முன்னால் முகம் சிவந்து நின்றார். ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கவேண்டிய துண்டுகள் லொடலொடவென்று ஆடின. எல்லா வெட்டுகளும் தொளதொளவென்று இருந்தன.

"எல்லாம் நீ செய்த வேலை" என்றார். "சூட்டில் தாளை நீட்டிவிட்டாய். மூன்று வார உழைப்பு! இந்த மாதத்தோடு நின்றுகொள். கடிதமும் கிடையாது."

இஸ்திரி போடச் சொன்னவரே தான்தான் என்பது அவருக்கு மறந்துபோயிற்று. வசதியான மறதி. ஞானம்பிகை குசினிக்குள் போய்ப் புருஷனுக்குப் போன் எடுத்தாள். பிரான்காச்சோவில் ஒரு பட்டறையில் வேலை செய்யும் நகுலேஸ்வரனுக்கு மன்னிப்புக் கேட்பது மூச்சு விடுகிற மாதிரி.

"பிழையை ஒத்துக்கொண்டு ஒரு மன்னிப்பைக் கேளும்."

"செய்யாத பிழைக்கோ?"

"உமக்குப் பெர்மெஸோ வேணுமோ, ரோசம் வேணுமோ?"

"ரெண்டும் வேணும். நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ" என்று போனை வைத்தாள். இப்படி ஒரு ஆம்பிளை!

கைப்பையில் எப்போதும் கிடக்கும் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனாள். பலகையின் மொத்தத்தை, அதாவது தடிப்பை, அளந்தாள். மூன்று மில்லிமீற்றர். பலகை செருகும் வெட்டுகளின் அகலத்தை அளந்தாள். ஒன்றுவிடாமல் நாலரை. பழைய சிறிய வரைபடத்தையும் விரித்து அளந்தாள். அதில் அதே வெட்டு மூன்று.

"சூட்டிலை தாள் சுருங்கும், நீளாது" என்றாள் இத்தாலியனில். "பலகை ஏன் மூண்டு மில்லிமீற்றரிலை வாங்கினனீங்கள்?"

"படத்தில் அப்படித்தானே எழுதியிருக்கிறது!"

"எழுத்துப் பெருத்திருக்கு. இலக்கம் பெருக்கேல்லையே. வெட்டை ஒண்டரை மடங்காக்கிப்போட்டுப் பழைய மொத்தத்திலை பலகை வாங்கினால் எப்பிடி இறுகும்? நான் தையல்காரி. உடம்பு பெருத்தால் சட்டையைப் பெருப்பிப்பம். தையலுக்கு விடுற அரை இஞ்சை ஆரும் பெருப்பிக்கிறேல்லை. முதல் வருசம் பழகிற பிள்ளையளுக்கும் இது தெரியும்."

இஞ்சினியர் நாடாவைப் பிடுங்கித் தானே அளந்தார். மறுபடியும் அளந்தார். காது இரண்டும் சிவந்தன. மன்னிப்பு என்ற சொல் அந்த வாயிலிருந்து வரவில்லை. அதற்குப் பதில், ஆறு வருஷத்தில் முதல் தடவையாகத் தானே கோப்பி போட்டு அவளுக்கும் ஒரு கோப்பை வைத்தார். வாயில் வைக்க முடியாத கோப்பி. பிறகு கடிதத்தை எடுத்து முன்னால் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

கையெழுத்து வைக்கப் போனவர் நிமிர்ந்தார். என்னவோ நினைவு வந்து முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எழும்பிப்போய் ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து ஒரு படத்தைக் காட்டினார்.

"பார், உங்கள் நாட்டு விமானப்படையும் இதைத்தான் பறக்கவிட்டது! துண்டுகளைத் திருத்தி வெட்ட நீ உதவி செய். உன்னைக் கௌரவிக்க, இதற்கு உங்கள் நாட்டு அடையாளத்தையே தீட்டுகிறேன். உனக்காக!"

ஞானம்பிகை படத்தைப் பார்த்தாள். பிறகு பேனாவைப் பார்த்தாள்.

"முதல்லை கையெழுத்தைப் போடுங்கோ."

போட்டார். கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்து சிப்பை இழுத்து மூடினாள்.

"அந்த அடையாளத்தோடை நான் இதை முந்தியே பாத்திட்டன்."

"அப்படியா! எங்கே? கண்காட்சியிலா?"

"பங்கருக்குள்ளை இருந்து. எனக்குப் பதினெட்டு வயசு. நாங்கள் நாலு பேர் தையல் கடையிலை வேலை செய்தனாங்கள். பங்கருக்கு ஓடி வந்து சேர்ந்தது நான் ஒராள்தான்."

இஞ்சினியர் புத்தகத்தை மெல்ல மூடினார். மேசையில் கிடந்த துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாவம், மனிதருக்கு இப்போதாவது உறைத்ததோ என்று ஞானம்பிகைகூட ஒரு கணம் நினைத்தாள்.

"அப்படியென்றால்," என்று கேட்டார் அவர், "வேறு எந்த நாட்டு நிறம் பூசலாம்?"