யார் பெயரில் போகிறது மின்னஞ்சல்

தக்கலையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திவந்த லீமாவும் அவள் கணவன் கிளீட்டசும் ரத்ததானக் குழு ஒன்று தொடங்கி அதற்கு ஓர் இணையப் பக்கம் வைத்திருந்தார்கள். ரத்தம் தேவைப்படுகிறவர் அதில் விவரம் எழுதினால், குழுவில் பதிந்திருப்பவர்களில் அந்த வகை ரத்தம் உள்ளவர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் போகும். அனுப்புநர் இடத்தில் கேட்கிறவருடைய முகவரியையே போடவேண்டும் என்பது கிளீட்டசின் பிடிவாதம்.

"குழுவுக்க பேரைக் கண்டா எவன் தெறப்பான்? பெத்தவளுக்க பேரு, கெட்டினவனுக்க பேரு கண்டாத்தான் மனசு எளகும்" என்பான். யாருக்கோ வந்த காய்ச்சலுக்கு இவன் சோறு இறங்காமல் இருப்பான். அந்த குணம் லீமாவுக்குப் பிடிக்கும். அவன் சொன்னபடியே செய்துகொடுத்தாள்.

2014 மே மாதம் குளச்சல் அபினாவுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு. ஓ நெகட்டிவ் வேண்டும். துபாயிலிருந்த அவள் கணவன் ஜெஃப்ரின் அங்கிருந்தே அந்த இணையப் பக்கத்தில் எழுதினான். மின்னஞ்சல்கள் போயின. ஒருவரும் பதில் போடவில்லை. லீமா பதறிப்போய் போனை எடுத்து ஒவ்வொருவராக அழைத்தாள். எப்போது கேட்டாலும் ரத்தம் கொடுக்க வருகிற பூதப்பாண்டி சிவதாணு அப்போது வயலில் நின்றார்.

"மெயிலா? ஒண்ணும் வரல்லியே தங்கச்சி. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லு" என்றவர் கால் கழுவிய கையோடு பைக்கை எடுத்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

கிளீட்டஸ் மட்டும் தேறவில்லை. "இத்தன பேருக்கு அனுப்பியும் ஒருத்தன் கேக்கல்ல. ஆளுவளுக்கு இரக்கம் அத்துப்போச்சு லீமா. இந்தப் பக்கத்த மூடிரலாம்."

சிவதாணுவுக்கே வரவில்லை என்பது லீமாவை உறுத்தியது. திரும்பி வரும் மின்னஞ்சல்கள் விழுகிற பெட்டி ஒன்று உண்டு. அதை அவள் திறந்து பார்த்ததே இல்லை. திறந்தாள். நிரம்பிக் கிடந்தது. எல்லாவற்றிலும் ஒரே காரணம்: இந்த முகவரியின் பெயரில் அனுப்ப உங்களுக்கு அனுமதி இல்லை.

"இஞ்ச வந்து பாருங்க" என்று அவனை இழுத்து உட்கார்த்தினாள். "ஆளுவ மேல குத்தம் இல்ல. மெயிலு போயே சேரல்ல. ஜெஃப்ரினுக்க முகவரியப் போட்டு நம்ம சர்வர்லேருந்து அனுப்புதோம். அவனுக்க மெயில் கம்பெனி இப்பம் ஊருக்கெல்லாம் சொல்லி வச்சிருக்கு, எனக்க முத்திரை இல்லாம எனக்க ஆளு பேர்ல எது வந்தாலும் வாங்காதீங்கன்னு."

கிளீட்டசின் முகம் சுருங்கிவிட்டது. "அப்பம் நாம கள்ளன்மாரா?"

"கள்ளனும் இப்பிடித்தான் அனுப்புவான். மெஷினுக்கு உங்க மனசு எப்பிடித் தெரியும்?" என்று அவன் தலையைக் கோதினாள்.

அன்றே உட்கார்ந்து மாற்றினாள். அனுப்புநர் முகவரி குழுவினுடையது. பதில் போகவேண்டிய முகவரி கேட்கிறவருடையது. தங்கள் பெயரில் அனுப்ப இந்த சர்வருக்கு உரிமை உண்டு என்று தங்கள் இணைய முகவரிக்கான டொமைன் பதிவில் எழுதினாள். ஒவ்வொரு மின்னஞ்சலிலும் டிஜிட்டல் கையொப்பம் விழும்படி செய்தாள்.

"பேரு போச்சே" என்றான் அவன்.

"பேரு எங்கயும் போவாது. முகவரிக்கு முன்னால என்ன பேரும் போடலாம். சோதனைக்கு நீங்களே ஒண்ணு அனுப்புங்க."

அவன் ஆங்கில எழுத்தில் 'கிளீட்டஸ், லீமாவின் மாப்பிள்ளை' என்று தட்டி அனுப்பினான். பிழை என்று வந்தது.

"கமா போட்டியளா? கமாவக் கண்டா ரெண்டு ஆளுன்னு எடுத்துக்கிடும். கிளீட்டஸ் ஒரு ஆளு, லீமாவுக்க மாப்பிள வேற ஆளு."

"அது எவன்ட்டி?"

லீமா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பெயரின் இரு பக்கமும் மேற்கோள் குறி போட்டாள். மின்னஞ்சல் நேராக அவள் பெட்டிக்கு வந்தது. அனுப்புநர் உண்மையானவர்தானா என்று பார்க்கும் சோதனைகள் எல்லாவற்றிலும் தேர்ச்சி. அந்த மின்னஞ்சலை அவள் அழிக்கவில்லை.

அடுத்த வாரம் கொட்டாரத்தில் ஒருவருக்கு பி நெகட்டிவ் தேவைப்பட்டது. மின்னஞ்சல் போன மதியமே அவருடைய மகன் வினோஜ் அழைத்தான். கிளீட்டஸ் லீமாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே, ஆளு கூடிப்போச்சு. இனி யாரும் வரண்டாம்னு எப்பிடிச் சொல்லணும்?"

கிளீட்டஸ் சிரித்துக்கொண்டே போனை லீமாவிடம் நீட்டினான். லீமாதான் பதில் சொன்னாள்.