தயாராக இருந்த பலகை

இறந்தவர்களை வரைவதுதான் என் பிழைப்பு. முப்பதாம் நாளுக்குள் படம் வேண்டும் என்று அவசரமாக வந்து நிற்பார்கள். அதனால் பத்துப் பிளைவுட் பலகைகளை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருப்பேன். வெளிர்நீலப் பின்னணி, அடியில் தடிப்பாகப் பொன்னிறத்தில் ‘தோற்றம்’, ‘மறைவு’. முகத்தையும் தேதிகளையும் சேர்த்தால் வேலை முடிந்தது.

அல்போன்சா டீச்சர் நாகல் நகரில் இருக்கும் என் கடைக்கு வந்தபோதும், “எப்ப தவறுனாங்க டீச்சர்?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

“ஏம்மா ரீனா, உசுரோட இருக்கிற புள்ளையத்தான் வரையணும்” என்றார்.

மகன் இனிகோ. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு ராக் இசைக்குழுவோடு சென்னைக்குப் போனவன். பன்னிரண்டு வருடமாக அம்மாவுக்கும் மகனுக்கும் பேச்சு இல்லை. இப்போதுதான் வீட்டுக்கு வரச் சம்மதித்திருக்கிறான்.

“உள்ள நுழைஞ்சதும் அவன் கண்ணுல படணும். கிட்டாரோட வரை. முடி எம்புட்டு நீளமோ அம்புட்டும் இருக்கணும்” என்று அவன் மேடையில் வாசிக்கும் போட்டோ ஒன்றைக் கொடுத்தார்.

வாயால் மன்னிப்புக் கேட்க வராமல் படமாகக் கேட்கிறார் என்று புரிந்தது. ஆனால் புதுப் பலகை கைவசம் இல்லை. அக்ரிலிக்தானே, அடியில் இருப்பதை மறைத்துவிடும் என்று, தயாராக இருந்த பலகை ஒன்றில் இரண்டு பூச்சுக் கறுப்பு அடித்து வரைந்தேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வந்தது. மேடை விளக்கு நெற்றியில் அடிக்க, இனிகோ கண்ணை மூடிக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான்.

அவன் வரும் சனிக்கிழமை காலையில் டீச்சர் வீட்டுக் கூடத்தில் மாட்டினோம். வெளிச்சம் வரட்டும் என்று டீச்சர் பக்கத்து ஜன்னலைத் திறந்தார். வெயில் பலகைமேல் சாய்வாக விழுந்தது. கிட்டாருக்குக் கீழே, கறுப்புக்குள்ளிருந்து எழுத்துகள் மேடு கட்டித் தெரிந்தன. தோற்றம். மறைவு. நிறத்தை மறைத்தேனே தவிர மேட்டைத் தேய்க்கவில்லை. மடச்சி நான்.

டீச்சர் படித்துவிட்டார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“அன்னைக்கு அவன் பெட்டியத் தூக்குனப்ப, ஒன்னையத் தலைமுழுகிட்டேன்னு சொன்னேன். அதுவே வந்து நிக்குது” என்றார்.

“எடுத்துட்டுப் போயிர்றேன் டீச்சர்” என்று பலகையை நான் கழற்றும்போதே வாசற்கதவு திறந்தது. தோளில் கிட்டார் உறையோடு இனிகோ. என் கையிலோ பலகை. ஒளித்து வைக்க இடமில்லை.

அவன் கிட்டே வந்து ‘மறைவு’ என்ற சொல்லின் மேல் விரலை ஓட்டினான். “செத்தவன் படம் மாதிரில்ல இருக்கு?”

“பழைய பலகை தம்பி. எல்லாம் என் தப்பு.”

“அவ தப்பு இல்ல அப்பு” என்றார் டீச்சர். “நான் சொன்னதுதான் அது. சொல்லியிருக்கக் கூடாது. பெத்த வாயி சொல்லியிருக்கவே கூடாது.”

இனிகோ அந்த மேட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, “தேய்ச்சாப் போகுமாக்கா?” என்றான்.

பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தேன். டீச்சர் பிடுங்கிக்கொண்டார். “குடும்மா. சொன்னவ நான். நானே தேய்க்கிறேன்.”

பலகையைத் தரையில் கிடத்தினோம். அவன் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள அவர் தேய்த்தார். கறுப்புத் தூளோடு பொன் தூளும் பறந்தது. மறைவு போனது. கூடவே கிட்டாரின் அடிப்பக்கத்திலும் ஒரு துண்டு போனது. என் படத்தில் அடுத்தவர் கை வைத்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அன்று நானே தூளை ஊதிவிட்டேன்.

டீச்சர் ‘தோற்றம்’ மேலும் தாளை வைத்தார். இனிகோ அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அது இருக்கட்டும்மா. தேதியச் சொல்லு, அக்கா எழுதட்டும்.”

டீச்சர் சொன்னார். நான் தூரிகையை எடுத்தேன். அவர் நிறுத்தவில்லை. “விடியக்காலை நாலே காலு. நல்ல மழை. கரண்டு இல்ல. நீ அழவே இல்லடா, எனக்குப் பயமாப் போச்சு.”

எதுவரை எழுதுவது என்று இனிகோவைப் பார்த்தேன்.

“எல்லாத்தையும் எழுதுங்கக்கா” என்றான்.