சாம்சனின் சளி

டாக்டர் ஹேமநாத்தின் அறைச் சுவரில் சாமி படம் கிடையாது. நுரையீரல் நோய்களையும் தொற்றுநோய்களையும் பற்றி அவர் எழுதி வெளிவந்த கட்டுரைகளின் முதல் பக்கங்கள்தான் சட்டம் போட்டுத் தொங்கின. நூற்றைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று வாசலில் நின்ற பியூன் பெருமையடித்துக்கொண்டான். உள்ளே வந்து நின்ற சாம்சன் அவற்றை அண்ணாந்து பார்த்தான். அவற்றில் இரண்டு அவனுடைய சளியில் விளைந்தவை.

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு வார்ப்பு ஆலை. சாம்சனின் ஷெட்டில் அத்தனை பேரும் காண்ட்ராக்ட் ஆட்கள். போன வருஷம் டாக்டர் அங்கே வந்து டிபி கேம்ப் போட்டார். நோய் என்று தெரிந்தால் மறுநாளே கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள் என்று எல்லாருக்கும் கிலி. பீடி, குடி எதையும் தொடாத சாம்சனைக் கழிப்பறைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய் ஆளாளுக்குச் சளி பிடித்துத் தரக் கொடுத்திருந்த தங்கள் டப்பாவை நீட்டினார்கள். பாவி மனுஷன், பந்தியில் பாயசம் ஊற்றுவது போல ஒவ்வொன்றிலும் காறித் துப்பிக் கொடுத்தான். ஒருத்தருக்கும் நோயில்லை என்று முடிவு வந்தது. இவ்வளவு தூசியிலும் டிபியே இல்லாத ஆலை என்று டாக்டர் கட்டுரை எழுதினார். முதலாளி அதைப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார்.

இந்த வருஷம் மறுபடி கேம்ப். மறுபடி அதே கழிப்பறை, அதே சாம்சன். கொஞ்ச நாளாகவே அவனுக்கு இருமல் இருந்தது. தூசி இருமல் என்று நினைத்தான், வேறென்ன நினைப்பான். அத்தனை டப்பாவிலும் டிபி வந்தது. ஷெட்டையே கூண்டோடு வேலையை விட்டு நிறுத்தினார்கள். டாக்டருக்கோ கொண்டாட்டம். எல்லாருடைய சளியிலும் ஒரே வகைக் கிருமி, ஒரே ஆலைக்குள் மின்னல் வேகத்தில் பரவியிருக்கிறது என்று அவர் எழுதியதை வெளிநாட்டுப் பத்திரிகையே வாங்கிப் போட்டது.

தொழிலாளர் காலனியில் சாம்சனோடு பேச நாதியில்லை. குழாயடியில் அவன் மனைவி ஷைனியின் குடத்தை எட்டி உதைத்தார்கள். மற்றவர்களுக்கு வேலை திரும்பக் கிடைத்தால்தான் அந்தத் தெருவில் அவன் குடும்பம் குடியிருக்க முடியும். அதற்காகத்தான் டாக்டரிடம் வந்திருந்தான்.

"எல்லா டப்பாவும் என்னுதுதான் சார். நோவு எனக்கு மட்டுந்தான். மாத்தி எழுதிக் குடுங்க, அவங்கள வேலைக்கு எடுத்துக்குவாங்க."

டாக்டர் மாஸ்க்கை இழுத்து விட்டுக்கொண்டார். கண் சிவந்தது. "அப்ப ரெண்டு கட்டுரையும் பொய்ங்கிற. ஏமாத்தினது நீங்க, அசிங்கப்படறது நானா?"

"யாரு துப்புறான்னு நீங்க ஒருவாட்டி எட்டிப் பாத்துருக்கலாமே சார்."

அது டாக்டருக்குச் சுருக்கென்று தைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "சரி, எல்லாரையும் கூட்டிட்டு வா. என் கண்ணு முன்னாடி துப்பட்டும். சுத்தமா இருந்தா ரெண்டையும் நானே வாபஸ் வாங்கறேன். ஆனா வர மாட்டானுங்க, பாரு."

திமிர் பிடித்தவன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே சாம்சன் காலனிக்குத் திரும்பினான். ஷெட் ஆட்கள் அவர்களில் ஒருவனான குணாவின் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் சொன்னதை மூச்சு வாங்கச் சொல்லி முடித்தான். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

"இன்னாடா குணா, ஒரே ஒருவாட்டி. அவனவன் சொந்தமா துப்புனா வேலை வந்துரும்."

"போடா. உன்னால பட்ட பேஜாரு பத்தாதா?"

"எனக்குத்தான்டா நோவு. உங்களுது நல்லாதானே கீது?"

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மூலையில் இருந்த துளசிராமன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினான். அடக்க அடக்க அது நிற்கவில்லை.

குணா எழுந்து வந்து சாம்சனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"எங்களுது நல்லாருந்தா, உன்னுத எதுக்குடா கேட்டோம்?"

தனக்கு நோய் எங்கிருந்து வந்தது என்று சாம்சனுக்கு அப்போதுதான் உறைத்தது.