வீட்டுக்கு ஒரு பெயர்

நான் வேலை செய்யும் கிளினிக், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில் இருக்கிறது. மாதச் சந்தா கட்டுபவர்களுக்கு அன்றைக்கே மருத்துவர் கிடைப்பார். மற்றவர்கள் குடும்ப வைத்தியருக்காக அரசாங்கப் பட்டியலில் வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். போன இலையுதிர்காலத்தில் முதல் தடவையாக, அரசாங்க மருத்துவ அட்டை மட்டும் வைத்திருக்கும் வருமானம் குறைந்தவர்களுக்குச் சந்தா இல்லாமல் நாற்பது இடங்கள் ஒதுக்கினார்கள். வீட்டுக்கு ஒருவர்.

விண்ணப்பம் நிரப்புவது என் வேலை. யோகமலர் அன்ரி பொதி கட்டும் வேலை முடிந்து நேராக வந்தார்.

“என்ர மனுசன்ர பேரைப் போடுங்கோ, பிள்ளை. அரியரத்தினம். அவருக்குப் பிரஷர்.”

“நீங்கள், அன்ரி?”

“எனக்கென்ன! மெலிஞ்சு குமரி மாதிரி வாறன் எண்டு வேலையில எல்லாரும் கண் வைக்கினம்.”

சிரித்தார். காற்சட்டையின் இடுப்பை மடித்து ஊசி குத்தியிருந்தார். நான் உயிர் இரசாயனவியல் படித்தவள். காரணமில்லாமல் உடம்பு மெலிந்தால் என்னவெல்லாம் இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். மேலே கேட்கக் கூச்சமாக இருந்தது. அரியரத்தினம் என்று எழுதினேன்.

பெப்ரவரியில் அரியரத்தினம் அங்கிள் வந்தார்.

“உங்கட டொக்டர் என்னோட அரை மணித்தியாலம் இருந்து கதைச்சவ. என்ர மனுசி கூட அவ்வளவு நேரம் கதைக்கிறேல்லை.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அவவுக்குச் சாப்பாடு இறங்குதில்லை, பிள்ளை. அடுத்தமுறை என்ர நேரத்துக்கு அவவை அனுப்பலாமோ?”

மேலாளர் கத்தரினிடம் கேட்டேன். பெயர் மாற்றம் செப்டம்பரில் மட்டும்தான் என்றார், அன்பாகத்தான். ஒருவருக்கு மாற்றினால் எல்லோருக்கும் மாற்ற வேண்டுமாம். அதை அப்படியே தமிழில் சொன்னேன். மருத்துவரின் அறைக்கதவு என் மேசையிலிருந்து ஆறு அடி. தட்டவில்லை.

“ஓம், சட்டமெண்டால் சட்டம்தானே,” என்றார் அங்கிள்.

அன்ரி பிறகு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் பதினான்கு மணித்தியாலம் காத்திருந்தாராம். வேலைக்கு நேரமாகிறது என்று யாரும் பார்க்குமுன்பே எழும்பிப் போய்விட்டார். ஏப்ரலில் வேலையிடத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். கணையத்தில் புற்றுநோய். யூலையில் செத்தவீடு. நான் கடைசி வரிசையில் இருந்துவிட்டு, அங்கிளுடன் கதைக்காமல் வந்துவிட்டேன்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் அவர் வந்தார். கோட்டுக்குள் அவரும் சுருங்கியிருந்தார்.

“இப்ப பேர் மாத்தலாமெல்லோ?”

“ஓம், அங்கிள்.”

“எங்கட கீழ்வீட்டில கஜந்தினி எண்டு ஒரு பிள்ளை இருக்கிறா. இருமிக்கொண்டே வேலைக்குப் போறா. என்ர இடத்தை அவவுக்குக் குடுங்கோ.”

“உங்கட பிரஷர்?”

“அது கிடக்கட்டும்.”

பேனாவை எடுத்தேன். அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அவவும் வந்து புருசன்ர பேரைத்தான் சொல்லுவா,” என்றார். “எழுதிப்போடாதேங்கோ, பிள்ளை.”