கழுத்துக்குக் கீழே ஆளுநர்

இந்த மாகாணத்தின் பதினோராவது ஆளுநர் கழுத்துக்கு மேலே அவர், கழுத்துக்குக் கீழே நான்... இதைச் சத்தமாகவே சொன்னேன், வரிசையில் முன்னால் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டுக் கைப்பையை இறுக்கிக்கொண்டாள், பக்கத்தில் நின்ற மச்சான் எப்போதும்போல மூக்கால் சிரித்தான். "மெதுவா அத்தான், உள்ள விடாம திருப்பி அனுப்பிடுவாங்க." இவன் ஏன் இன்று கூப்பிட்டதும் கிளம்பி வந்தான்? என் மனைவியின் தம்பி, இதே ஆளுநர் மாளிகையில் காவல்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன், பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பதால் எல்லோருக்கும் 'பூட்டு', என் கதையை மட்டும் ஆயுள் முழுக்க நம்பாதவன், இன்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்... நான் மூக்குடைபடுவதைப் பார்க்க இஸ்திரி வேறா? மாளிகையை முதல்முறையாகப் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறார்கள், ஆளுநர்களின் ஓவியங்கள் தொங்கும் கூடம் உட்பட. திடீரென்று ஏன் திறந்தார்கள், எதை மாற்றிவிட்டுத் திறந்தார்கள், அந்தப் படம் இன்னும் அங்கே இருக்கிறதா?

நான் அங்கே உடுப்பு அறைக்காரனாக இருந்தவன். ஆளுநர்கள் வருவார்கள், போவார்கள், கோட்டு ஒன்றே ஒன்றுதான், ஆளுக்குத் தக்கபடி பிடிப்பதும் விடுவதும் என் தையல். ஒருவர் கொட்டாவி விட்டால் சரவிளக்கு ஆடும், இன்னொருவர் கண்ணாடியைப் பார்த்துத் தனக்கே சல்யூட் அடிப்பார், கண்ணாடி பதில் சல்யூட் அடிக்கத் தாமதித்தால் முகம் சிவப்பார்... பதினோராமவர் எறும்பு, நாற்காலியில் உட்கார்ந்தாலே கடித்த மாதிரி எழுந்துவிடுவார். ஓவியர் பாவம், முகத்தை மட்டும் எப்படியோ பிடித்துவிட்டு, உடம்புக்கு ஆள் கிடைக்காமல் அழாத குறையாக என்னைப் பார்த்தார், "உனக்கும் அதே தோள்தான்யா, கோட்டைப் போட்டுக்கிட்டு உட்காரு." உட்கார்ந்தேன். அவ்வளவுதான் நடந்தது. அதன்பிறகு சொல்லச் சொல்ல வெளியே படை அணிவகுத்தது, மந்திரி ஜன்னல் வழியாகக் குனிந்து வணங்கினார், என் காலில் தங்கக் கொக்கி வைத்த பூட்ஸ் ஏறியது... படம் முடிவதற்குள் எனக்கு மாற்றல் வந்துவிட்டது, ஏன் வந்தது, யார் போட்டுக்கொடுத்தது, இன்றுவரை தெரியாது, முடிந்த படத்தை நான் பார்த்ததே இல்லை. சேர்த்ததையெல்லாம் உதறிவிட்டால் கீழே ஏதாவது மிஞ்சுமா, இல்லை உட்கார்ந்ததும் நானே சேர்த்ததுதானா? மனைவி இருந்தவரை இந்தக் கேள்வி வரவில்லை. எத்தனை தடவை சொன்னாலும் உட்கார்ந்து கேட்பாள், தங்கக் கொக்கி பூட்ஸ் வரும் இடத்தில் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். போன வருஷம் அந்தச் சிரிப்பும் போயிற்று. நம்பிச் சிரித்தாளா, கிழவன் உளறிவிட்டுப் போகட்டும் என்று சிரித்தாளா... அதற்காகத்தான் வந்திருக்கிறேன், மாகாணம் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன.

கூடம். எறும்பார் அசையாமல் உட்கார்ந்திருந்தார், வாழ்நாளில் முதல்முறையாக. என் கோணல் சுண்டுவிரலைத் தேடினேன், அதுதான் என் சாட்சி, அதை வைத்துத்தான் மச்சானின் வாயை அடைக்க நினைத்திருந்தேன்... கைகளில் வெள்ளை உறை! பாவி ஓவியன், பிறகு வரைந்து மூடியிருக்கிறான். படமோ முழங்காலோடு நின்றுவிட்டது. மச்சான் படத்துக்கு நெருங்கிப் போய் நின்றான். எங்களைச் சுற்றிக்காட்டக் கூட்டிக்கொண்டு போன பெண் ஒப்பிக்கத் தொடங்கினாள், "இவர்தான் மார்புப் பட்டையை இடது தோள்ல போட்ட முதல் கவர்னர். மக்கள் எப்பவும் இதயத்துக்குப் பக்கத்துல இருக்கணும்னு அவரே விரும்பி மாத்தினாராம். அப்புறம் வந்த எல்லாரும் அதையே பின்பற்றினாங்க."

இடது தோளா? முறை வலது தோள்... ஆயுள் முழுக்க எதிரே நின்று மற்றவர்களுக்குப் பட்டையைப் போட்டுவிட்டவன் நான், அவர்களுடைய வலது தோள் என் இடது கைப்பக்கம், அன்று எனக்கு நானே போட்டபோதும் கை பழக்கத்தில் இடது பக்கமே போயிருக்கிறது! பத்திரிகையில் புது ஆளுநர்களைப் பார்க்கும்போதெல்லாம் படத்தைத் திருப்பி அச்சடித்துவிட்டான் மடையன் என்று திட்டியிருக்கிறேனே, வரிசையாக அத்தனை பேரும் என் தவறை மாட்டிக்கொண்டு மாகாணத்தை ஆண்டிருக்கிறார்கள்... வெளியே சொன்னால் எவன் நம்புவான்?

"உங்க கை வேலைதான் இது," என்றான் மச்சான், படத்தைப் பார்த்தபடியே. "அன்னைக்குத் தோட்டத்துப் பக்கம் எனக்குத்தான் காவல். ஜன்னல் வழியா பார்த்தேன். சாயங்காலமே அக்காகிட்ட சொல்லிட்டேன்."

"பின்ன ஏன்டா இத்தனை வருஷம் இல்லவே இல்லைன்னு சாதிச்சே?"

"அக்காதான் சொல்லுச்சு. ஆமான்னு ஒத்துக்காதடா, ஒத்துக்கிட்டா மனுஷன் கதை சொல்றதை நிறுத்திடுவாருன்னு."

கேட்க அழகாகத்தான் இருந்தது. அளவுக்கு மீறி அழகாக இருந்தது. மனைவியை இழந்தவனுக்கு மச்சான் போடும் ஆறுதல் தையலாக இருந்தால்? இஸ்திரி போட்ட சட்டை இதற்குத்தானா? நான் பூட்டை இழுத்துப் பார்த்தேன், "பார்த்தவன்தானே, கால்ல என்ன போட்டிருந்தேன், சொல்லு."

அவன் யோசிக்கவே இல்லை. "வலது கால்ல ரப்பர் செருப்பு. இன்னொண்ணு நாற்காலிக்கு அடியில கவுந்து கிடந்துச்சு, நீங்க கால் விரலால துழாவிக்கிட்டே இருந்தீங்க."

அதை நான் எவரிடமும் சொன்னதில்லை, அவளிடம்கூட... அப்படியென்றால் ஒவ்வொரு தடவையும் தங்கக் கொக்கி பூட்ஸ் என்று நான் கையை விரித்தபோது, அவள் கண்ணுக்கு முன்னால் கிடந்தது அந்தக் கவிழ்ந்த செருப்பா?

"நடந்துச்சு அத்தான்," என்றான் பூட்டு, மூக்கைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டே. "சத்தியமா நடந்துச்சு."